அளவு பிளவுஸை வைத்துத் தைத்த நீச்சலுடை

சுந்தரவல்லிக்கு இஞ்சு டேப் என்றாலே இளக்காரம். கழுத்தில் அதைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்கும் தையல்காரர்களைப் பார்த்தால், "தொழில் தெரியாதவன் போடுற வேஷம்" என்பாள். ராஜா அண்ணாமலைபுரத்தில், கறிகாய்க் கடைகளுக்குப் பின்னால் போகும் சந்தில் அவளுடைய வீடு. முன்னறைதான் கடை. இரண்டு மெஷின், ஓரம் அடிக்கும் ஒரு ஓவர்லாக், ஒரு கட்டிங் மேசை. வீட்டுக்காரர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்று உள்ளறையில் டிவி பார்க்கிறார். மகளைத் தாம்பரத்தில் கட்டிக்கொடுத்தாயிற்று. முப்பத்தோரு வருஷமாக அதே மேசையில் பிளவுஸ் வெட்டும் சுந்தரவல்லி, யார் வந்தாலும் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: "அளவு பிளவுஸ் எங்க?"

நம் ஊர்ப் பெண்கள் ஒவ்வொருவரிடமும் அப்படி ஒன்று இருக்கும். வாழ்நாளில் என்றோ ஒருநாள் கச்சிதமாக அமைந்துவிட்ட ஒரு பிளவுஸ். சாயம் போயிருக்கும், கொக்கி துருப்பிடித்திருக்கும், ஆனாலும் பீரோவில் பத்திரமாக இருக்கும். புதுத் துணியோடு அதுவும் தையல்காரரிடம் போய்த் திரும்பி வரும். ஆளைத் தொட வேண்டாம், கையைத் தூக்கச் சொல்ல வேண்டாம், மார்பைச் சுற்றி டேப்பைப் போட்டு இரண்டு பேரும் வேறெங்கோ பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம். இந்த ஏற்பாட்டில் சுந்தரவல்லிக்குப் பரம திருப்தி. மேசையில் அளவு பிளவுஸை விரித்து, உள்ளங்கையால் ஒருமுறை நீவிவிட்டு, சோப்புக் கட்டியால் கோடு போடுவாள். "என் கை பட்ட துணி திரும்பி வந்ததில்ல" என்று சொல்லிக்கொள்வாள். அதில் பொய் அதிகமில்லை. பாராட்டும் கூலியோடு சேர்ந்தே வந்தது. கல்யாண மண்டபத்தில் யாராவது யாரையாவது நிறுத்தி "யாரு தச்சது?" என்று கேட்டார்கள் என்ற சேதி வந்துவிட்டால் அன்றைக்கு அவளுக்குச் சாப்பாடே வேண்டாம்.

மானம் மரியாதை பற்றியும் அவளுக்கு உறுதியான அபிப்பிராயங்கள் இருந்தன. வேடிக்கை என்னவென்றால், இந்த முப்பத்தோரு வருஷத்தில் பிளவுஸின் முதுகுக் கழுத்து நாலு விரலிலிருந்து ஒரு சாணுக்கு இறங்கியது அவள் கத்தரியால்தான். ஒவ்வொரு விரற்கடை இறக்கும்போதும் முணுமுணுத்தாள், ஒவ்வொரு முறையும் அழகாகவே இறக்கிக் கொடுத்தாள். ஆனால் எதை இறக்கினாலும் லைனிங்கை மட்டும் விடமாட்டாள். மெல்லிய துணிக்கு உள்ளே பருத்தி லைனிங் வைக்காமல் அவள் கடையிலிருந்து ஒரு உடுப்பும் வெளியே போனதில்லை.

போன பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை நஸ்ருன்னிசா வந்தாள். தரமணியில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் நூலகர், நாற்பத்தாறு வயது, பதினைந்து வருஷ வாடிக்கை. கையில் இழுத்தால் நீளும் கருநீல லைக்ரா துணி, தியாகராய நகரில் தேடி வாங்கியது.

"அக்கா, எனக்கு ஒரு நீச்சல் டிரெஸ் தச்சுத் தரணும்."

சுந்தரவல்லி கத்தரியைக் கீழே வைத்தாள். "நீச்சலா? யாருக்கு, பொண்ணுக்கா?"

"எனக்குத்தான். போன வருஷம் லேடீஸ் பேட்ச்ல சேந்து நீச்சல் குளத்துல கத்துக்கிட்டேன். இப்ப கடல்ல போகப் போறோம். கொட்டிவாக்கம் தாண்டி ஒரு குப்பத்துப் பக்கம், ஆள் நடமாட்டமே இருக்காது. நாங்க அஞ்சு பேர். கோபால்னு ஒரு மீனவர் போட்டும் கயிறும் வச்சுக்கிட்டு கூடவே இருப்பார்."

"இன்னா மேடம் நீங்க! அந்த டிரெஸ்ஸ போட்டுக்கினு வெளிய வருவீங்களா?"

நஸ்ருன்னிசா சிரித்துக்கொண்டே செல்போனில் படத்தைக் காட்டினாள். கணுக்கால்வரை காற்சட்டை, முழங்கால்வரை சட்டை, முழுக்கை, தலையை மூடுவதற்கும் சேர்த்தே ஒரு குல்லா. முகமும் கையும் பாதமும் தவிர எதுவும் தெரியவில்லை. கடையில் ரெடிமேடாக வாங்கியதெல்லாம் தோளில் தொளதொளவென்றும் இடுப்பில் இறுக்கமாகவும் இருந்ததாம்.

"இது நம்ம சுடிதார விட மூடித்தான் கீது" என்று சுந்தரவல்லி ஒத்துக்கொண்டாள். உடனே புருவத்தைச் சுருக்கினாள். "ஆனா நனைஞ்சா ஒட்டுமே?"

"ஒட்டினா ஒட்டட்டும்க்கா. லைனிங் மட்டும் வேண்டாம். உள்ள துணி இருந்தா தண்ணிய இழுத்துக்கும்னு சொல்லியிருக்காங்க. சின்ன வயசுலேருந்து இந்தக் கடலுக்குப் பக்கத்துலயே இருக்கேன். ஒரு தடவகூட முட்டிக்கு மேல நனைஞ்சதில்ல. இந்தத் தடவ அலைய தாண்டி நிறுத்தற அந்த போட்டுவரைக்கும் போயிட்டு வந்துடணும்."

"சரி மேடம். அளவு பிளவுஸும் ஒரு பழைய சுடிதாரும் குடுத்துட்டுப் போங்க" என்றாள் சுந்தரவல்லி.

அவள் சொன்ன சரிக்கு, நான் பார்த்துக்கொள்கிறேன் நீ போ என்று அர்த்தம். பதினைந்து வருஷமாகத் தெரிந்த பெண், படித்த பெண், நாலு ஆம்பிளைகள் வலை பின்னிக்கொண்டிருக்கும் கரையில் நனைந்த துணியோடு நடந்து வருவாளாம். அதைத் தைத்தது யார் என்று கேட்டால் சுந்தரவல்லி என்று சொல்வார்களாம். நடக்கிற காரியமா? லைக்ராவை இரண்டு அடுக்காக வெட்டி, நடுவில் கழுத்திலிருந்து முழங்கால்வரை நல்ல பருத்தி லைனிங் கொடுத்து, தையல் வெளியே தெரியாமல் மூடிவிட்டாள். கைக்குழியை அளவு பிளவுஸ் சொன்னபடியே, அக்குளில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் எடுத்தாள். போட்டுக்கொண்டு நேராக நின்றால் வார்த்தெடுத்தது போல இருக்கும். நஸ்ருன்னிசா போட்டுப் பார்த்து, "கொஞ்சம் கனமா இருக்கோ?" என்றாள். "நல்ல துணின்னா கனமாத்தான் இருக்கும்" என்று சுந்தரவல்லி கூசாமல் சொன்னாள்.

எட்டு நாள் கழித்து அந்த உடுப்பு ஒரு பிளாஸ்டிக் பையில் திரும்பி வந்தது. நஸ்ருன்னிசாவின் முகம் வாடியிருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை மார்பளவு ஆழத்தில் நீந்தத் தொடங்கியதும் கை மேலே எழவில்லையாம், காலைத் தூக்க முடியவில்லையாம். ஒரு அலை தலைக்கு மேல் போனது, இரண்டாவது அலையில் தண்ணீர் குடித்துவிட்டாள். கோபால் கயிற்றோடு பாய்ந்து இழுத்துக் கரையில் போட்டார்.

"குளத்துல நல்லாத்தான்க்கா நீந்தினேன். கடல் வேற. வயசாயிடுச்சு, ஒடம்பு கனத்துப் போச்சு, எனக்கு எதுக்கு இந்த ஆசையெல்லாம்? வீட்ல அவர் போகாதேன்னு ஒரு வார்த்த சொல்லல. எனக்கே வெறுத்துப் போச்சு. இத வெட்டி யாருக்காவது டான்ஸ் பிராக்டிஸுக்குத் தச்சுக் குடுத்துடுங்க. உங்க மேல தப்பு இல்லக்கா, நல்லாத்தான் தச்சீங்க."

சுந்தரவல்லி பையை வாங்கி மேசைக்கடியில் வைத்தாள்.

அன்று மத்தியானம் பின்கட்டுக் குழாயடியில் அந்த உடுப்பை ஒரு வாளித் தண்ணீரில் முக்கினாள். ஐந்து நிமிஷம் விட்டு ஒரு கையால் தூக்கினாள். வரவில்லை. இரண்டு கையாலும் தூக்கியபோது கம்பளிப் போர்வையை நனைத்து எடுப்பது போலத் தோள் இழுத்தது. இரண்டு அடுக்குக்கும் நடுவில் தண்ணீர் தொப்பை போட்டு நின்றது. பிறகு கைக்குழிக்குள் தன் கையை விட்டு மேலே தூக்கிப் பார்த்தாள். காதுக்குப் பக்கத்தில் வருவதற்குள் துணி பிடித்து நிறுத்திவிட்டது. பிளவுஸ் போட்டவள் கையைக் கீழே தொங்கவிட்டுத்தான் கல்யாணத்தில் நிற்பாள். நீந்துகிறவள் கையைத் தலைக்கு மேல் வீச வேண்டும். முப்பத்தோரு வருஷத் தொழில்காரிக்கு இது தோன்றவில்லை. தோன்றாதது ஒரு தப்பு, வேண்டாம் என்றதை ஒளித்துவைத்துத் தைத்தது இன்னொரு தப்பு. தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் சும்மா இருந்தாள்.

ஏழு நாள் அப்படி இருந்தாள். நாம் சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியும் என்று முதல் நாள். கடல்தானே இழுத்தது, துணியா இழுத்தது என்று இரண்டாம் நாள். அந்தப் பெண் உயிரோடுதானே இருக்கிறாள் என்று நினைத்த மூன்றாம் நாள் அவளுக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது. மெஷினில் உட்கார்ந்தால் 'உங்க மேல தப்பு இல்லக்கா' என்ற குரல்தான் கேட்டது. திட்டியிருந்தால்கூடப் பதிலுக்குத் திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் எழுந்து, அந்த உடுப்பைத் தானே போட்டுக்கொண்டாள். உடம்பு இரண்டும் ஒரே அளவு, உயரம்தான் குறைச்சல், காற்சட்டையை மடித்துவிட்டாள். அதன் மேல் நைட்டி, நைட்டிக்கு மேல் வழக்கம்போல ஒரு துண்டு. நைட்டிமேல் துண்டைப் போட்டுவிட்டால் பால் பூத், ரேஷன் கடை, ஆஸ்பத்திரி எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்பது இந்த ஊர்ப் பெண்கள் தாங்களே போட்டுக்கொண்ட சட்டம். ஆட்டோ பிடித்துக் கொட்டிவாக்கம் தாண்டிப் போனாள்.

கரையில் கூட்டமில்லை. இரண்டு ஃபைபர் போட்டுகள், வலை பின்னும் நாலு ஆட்கள், கோபால், நாலு பெண்கள். அவர்களில் மூத்தவள் லூயிசா டீச்சர், சாந்தோம்காரி, அறுபத்து மூன்று வயது. கழுத்தில் சிலுவைச் சங்கிலி, உடம்பில் கைவைக்காத கறுப்பு நீச்சலுடை. முழங்காலுக்கு மேலே ஒரு சாண் திறந்தே இருந்தது. சுந்தரவல்லியின் பார்வை அங்கேயே போய் நின்றதை டீச்சர் கவனித்துவிட்டாள்.

"முட்டிதாம்மா. எல்லாருக்கும் ரெண்டு இருக்கு" என்றாள். "எங்க வீட்ல ஈஸ்டர் முடிஞ்ச மறுநாள் பீச்சுக்கு பிக்னிக் போவோம். அப்பா, அண்ணனெல்லாம் ஜட்டியோட கடல்ல குதிப்பாங்க. நாங்க பட்டுப்பாவாடையோட ஒக்காந்து டிபன் கேரியருக்குக் காவல். ரிட்டயர் ஆன அன்னிக்கே சொல்லிட்டேன், இனிமே கேரியர அவங்க பாத்துக்கட்டும்னு."

சுந்தரவல்லிக்குச் சிரிப்பு வந்தது. அந்த முழங்காலைக் கரையில் யாரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை என்பதையும் கவனித்தாள். வலை பின்னுகிறவர்கள் வலையைத்தான் பார்த்தார்கள். நாலு ஆம்பிளைகள் என்று அவள் பயந்தது இவர்களுக்குத்தான்.

"நான் நஸ்ரு மேடத்தோட டெய்லர். தண்ணில எறங்கணும்" என்றாள் கோபாலிடம்.

"நீச்சல் தெரியுமாம்மா?"

"தெரியாது. அந்தக் கயித்த குடு, நீயும் கூட வா."

துண்டை மணலில் போட்டாள். நைட்டியைக் கழற்றுவதற்குத்தான் கொஞ்சம் நேரமானது. இத்தனை வருஷத்தில் எத்தனையோ பெண்களின் உடம்பைத் துணியை வைத்தே கணக்குப் போட்டவள், தன் உடம்பை நாலு பேர் முன்னால் இப்படி நிறுத்தியதில்லை. கழற்றி எறிந்துவிட்டு, யாரையும் பார்க்காமல் கடலைப் பார்த்து நடந்தாள்.

முழங்கால்வரை சுகமாக இருந்தது. இடுப்பளவு வந்ததும் லைனிங் வேலையைக் காட்டத் தொடங்கியது. யாரோ ஒரு குழந்தை இரண்டு தொடையையும் கட்டிக்கொண்டு விடமாட்டேன் என்பது போல. ஒரு சின்ன அலை வந்தது. கோபால், "கைய தூக்கும்மா, குதி!" என்றார். கை தோளோடு நின்றுவிட்டது. குதிக்கக் கால் கிளம்பவில்லை. அலை வாயிலும் மூக்கிலும் புகுந்து போனது. கயிறு இல்லாவிட்டால் அவ்வளவுதான். இதே இடத்தில், இதைவிட ஆழத்தில், அந்தப் பெண் தன் உடம்பைத்தான் நொந்துகொண்டிருக்கிறாள் என்ற நினைப்பு வந்தபோது சுந்தரவல்லிக்கு அழுகை வந்துவிட்டது. கடல் தண்ணீரோடு அதுவும் போனது.

"போதும், கரைக்கு இழு" என்றாள். நைட்டியை மேலே மாட்டிக்கொண்டு, சொட்டச் சொட்ட ஆட்டோவில் ஏறினாள். ஆட்டோக்காரன் சீட்டைப் பற்றிப் புலம்பியது அவள் காதில் விழவே இல்லை.

திருவான்மியூரில் மூன்றாவது மாடி. கதவைத் திறந்த நஸ்ருன்னிசாவின் கணவர் நூர் முஹம்மது, ஈரமாக நின்ற டெய்லரைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் துண்டெடுக்க உள்ளே போனார். நஸ்ருன்னிசா ஓடி வந்தாள்.

"என்னக்கா இது? என்ன ஆச்சு?"

"ஒங்க டிரெஸ்ஸ போட்டுக்கினு கடல்ல எறங்கினேன். ஒங்க மேல தப்பில்ல மேடம். கடல் மேலயும் தப்பில்ல. நடுவுல லைனிங் வச்சு ஒளிச்சுத் தச்சுட்டேன். கைக்குழிய பிளவுஸுக்கு எடுக்குற மாதிரி எடுத்துட்டேன். ஒங்கள முக்கினது நான்தான்."

நஸ்ருன்னிசா மெதுவாகக் கேட்டாள். "எப்ப தெரியும் உங்களுக்கு?"

பொய் சொல்ல இதுதான் நல்ல இடம். இன்றைக்குத்தான் தெரிந்தது என்றால் முடிந்தது.

"நீங்க திருப்பிக் குடுத்த அன்னிக்கே."

"ஒரு வாரமா?" நஸ்ருன்னிசாவின் குரல் உயர்ந்தது. பதினைந்து வருஷத்தில் அப்படி உயர்ந்து சுந்தரவல்லி கேட்டதில்லை. "இந்த ஒரு வாரமா நான் கண்ணாடிய பாக்கல, தெரியுமா? குண்டாயிட்டேன், கெழவியாயிட்டேன், பேராசப்பட்டேன்னு என்னையே திட்டிக்கிட்டிருந்தேன். என் ஒடம்பு, என் மானம். லைனிங் வேணுமா வேண்டாமான்னு நான்தானே சொல்லணும்?"

"நீங்கதான் சொல்லணும். சொன்னீங்க. நான்தான் கேக்கல."

தூக்கிவந்த துண்டோடு நூர் முஹம்மது வாசல்படியிலேயே நின்றுவிட்டார். சுந்தரவல்லி தலையைக் குனியவில்லை. குனிந்தால் இரக்கப்பட்டு மன்னித்துவிடுவாளோ என்று பயந்தாள். அப்படிக் கிடைக்கும் மன்னிப்பு அவளுக்கு வேண்டாம்.

"அதே துணிய வாங்கி வேற தச்சு வைக்கறேன். போடறதும் போடாததும் ஒங்க இஷ்டம். தைக்கணும்னா நீங்க வரணும். அளவு பிளவுஸ் இதுக்கு ஒதவாது" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

திங்கள் போனது, செவ்வாய் போனது. புதன்கிழமை சாயங்காலம் நிறுவனத்திலிருந்து நேரே வந்து நின்றாள் நஸ்ருன்னிசா. முகத்தில் சிரிப்பு இல்லை.

"எடுங்க அளவு" என்றாள்.

சுந்தரவல்லி கதவைச் சாத்தினாள். எங்கோ இழுப்பறையில் சுருண்டு கிடந்த இஞ்சு டேப்பைத் தேடி எடுத்தாள். கையைத் தூக்கச் சொல்லி அளந்தாள், முன்னால் நீட்டச் சொல்லி அளந்தாள். திருப்தி வரவில்லை. கட்டிங் மேசை மேலிருந்த துணியையெல்லாம் ஒதுக்கினாள்.

"மேடம், மேல ஏறிக் குப்புறப் படுங்க."

"என்னது?"

"படுங்க. படுத்துக்கினு நீந்துங்க. ஆளு நின்னா ஒரு அளவு, நீந்தினா ஒரு அளவு. எனக்கு நீந்துற அளவுதான் வேணும்."

நூலகர் அம்மாள் மேசை மேல் ஏறிக் குப்புறப் படுத்தாள். முதலில் கூச்சத்தோடு ஒரு கையை வீசினாள், அப்புறம் மறு கையை, அப்புறம் காலையும் சேர்த்து உதைத்தாள். சோப்புக் கட்டி டப்பா கீழே உருண்டது. பாபின்கள் சிதறின. சுந்தரவல்லி மேசையைச் சுற்றிச் சுற்றி வந்து, வீசிய கைக்கு அடியில், நீண்ட முதுகில், திரும்பிய தோளில் டேப்பை வைத்து வைத்து அளந்தாள். உள்ளறையிலிருந்து கண்டக்டர், "இன்னா சத்தம் அங்க?" என்று குரல் கொடுத்தார். நஸ்ருன்னிசா மேசை மேலேயே குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கத் தொடங்கினாள். சிரித்து முடித்து எழுந்து உட்கார்ந்தபோது அவள் கோபத்தில் பாதி போயிருந்தது. மீதிப் பாதி இருந்தது, இருக்கத்தானே செய்யும்.

ஒற்றை அடுக்கு, அக்குளில் ஒரு முக்கோணத் துண்டு, தோளில் கொஞ்சம் தளர்ச்சி, தண்ணீர் வடியச் சட்டையின் இரண்டு பக்கமும் திறப்பு. லைக்ராவுக்கென்று தனி ஊசி வாங்கினாள். மூன்று முறை பிரித்துத் தைத்தாள். தைத்ததை வாளியில் முக்கி ஒற்றை விரலால் தூக்கிப் பார்த்த பிறகுதான் கொடுத்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளும் கரைக்குப் போய் வலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நஸ்ருன்னிசா தண்ணீருக்குள் நடந்தாள். இடுப்பளவில் நின்றாள். அங்கேயே வெகுநேரம் நின்றாள். லூயிசா டீச்சர் பக்கத்தில் போய் ஏதோ சொன்னாள். சுந்தரவல்லியால் பார்க்க முடியவில்லை. வலை பின்னுகிறவர்களைப் பார்த்தாள், ஆகாயத்தைப் பார்த்தாள், மறுபடி பார்த்தபோது இடுப்பளவுத் தண்ணீரில் ஆள் இல்லை.

எழுந்து நின்றுவிட்டாள். அலைக்கு அந்தப் பக்கம் கருநீலக் கை ஒன்று எழுந்து விழுந்தது. பிறகு மற்றது. காதை உரசிக்கொண்டு, எங்கும் பிடிக்காமல், எழுந்து எழுந்து விழுந்தது. கோபாலின் போட்டைத் தொட்ட கை ஒரு நிமிஷம் அதைப் பிடித்துக்கொண்டிருந்தது. அப்புறம் விட்டுவிட்டுத் திரும்பியது.

கரையேறி வந்தவளுக்கு மூச்சு வாங்கியது. கண் இரண்டும் சிவந்து, முகமெல்லாம் சிரிப்பாக இருந்தது. துணி உடம்போடு ஒட்டித்தான் இருந்தது. ஒட்டினால் ஒட்டட்டும் என்றிருந்தது சுந்தரவல்லிக்கு. அவள் எதிரே ஓடினாள்.

"தோள் புடிச்சுதா மேடம்? அக்குள்ல இழுத்துதா? முட்டிகிட்ட தண்ணி நின்னுதா?"

"எதச் சொல்றீங்கக்கா?"

"டிரெஸ்ஸுதான்! எப்படி இருந்துது?"

நஸ்ருன்னிசா குனிந்து தன்னைப் பார்த்துக்கொண்டாள்.

"ஐயோ, அத மறந்தே போயிட்டேன்க்கா!"

யார் தைத்தது என்று கேட்க வைப்பதற்காகவே இத்தனை வருஷம் ஊசி பிடித்தவள், அந்தப் பதிலைக் கேட்டு மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சந்தோஷம் தாங்கவில்லை. "அப்ப இன்னொரு தடவ போயிட்டு வாங்க" என்றாள்.